உச்ச நீதிமன்றத்தில் நீங்கள் வாதாடலாம், தாக்கல்தான் செய்ய முடியாது

கேள்வி: கும்பகோணத்தில் ஏழு ஆண்டுகளாக சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். நன்செய் நிலம் ஒன்றின் உரிமை வழக்கில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட் இரண்டிலும் என் கட்சிக்காரருக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. எதிர்தரப்பு போட்ட இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இரண்டையும் ரத்து செய்துவிட்டது. தீர்ப்பு வந்து 41 நாள் ஆகிறது. “வழக்கு உங்களுக்குத்தான் அத்துப்படி, நீங்களே டெல்லிக்கு வந்து பேசுங்கம்மா” என்கிறார் கட்சிக்காரர். பத்து வருஷம் ஆகாமல் உச்ச நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்கிறார் எங்கள் ஊர் சீனியர் ஒருவர். டெல்லி பார் கவுன்சிலுக்குப் பெயரை மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். சென்னையில் தெரிந்த ஒருவர், ஒரு தொகை கொடுத்தால் டெல்லியில் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எதை நம்புவது? நானே ஏ.ஓ.ஆர். (உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வழக்குரைஞர்) ஆக என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி அந்த 41 நாள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அரசியலமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் சிறப்பு அனுமதி மனு, நாம் வழக்கமாகச் சொல்லும் எஸ்.எல்.பி., போட தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாள் அவகாசம். இதைப் படிக்கும்போது உங்களிடம் 49 நாள்கூட இருக்காது. நீங்கள் ஏ.ஓ.ஆர். ஆவது சில ஆண்டுகளின் வேலை. இந்த வழக்கைத் தாக்கல் செய்வது சில வாரங்களில் முடிய வேண்டிய வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் பொதுவான சட்ட நிலை. எந்த மாநில பார் கவுன்சில் பட்டியலில் பெயர் இருந்தாலும் உச்ச நீதிமன்றத்தில் ஆஜராக உங்களுக்கு உரிமை உண்டு. உச்ச நீதிமன்ற விதிகள், 2013-இன் 4-ஆவது ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவு செய்து ஓராண்டு ஆகாதவருக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு: வாய்தா கேட்பது, தேதி வாங்குவது போன்ற சிறு வேலைகளைத்தான் அவர் செய்யலாம், நீதிமன்றம் அனுமதித்தாலொழிய முழு வாதம் கூடாது. ஏழு ஆண்டுகள் ஆன உங்களுக்கு அது பொருந்தாது. டெல்லி பார் கவுன்சிலுக்குப் பெயரை மாற்றவும் தேவையில்லை. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் பதிவே போதும்.

பத்து வருஷக் கதை வேறு இடங்களிலிருந்து வந்து கலந்திருக்கிறது. ஏ.ஓ.ஆர். தேர்வுக்குப் பயிற்சி தருபவர் பத்து ஆண்டுகளாக ஏ.ஓ.ஆர். ஆக இருந்திருக்க வேண்டும். பயிற்சியிலிருந்து விலக்கு கேட்பவர் பார் கவுன்சில் பட்டியலில் பத்து ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். மூத்த வழக்குரைஞர் தகுதிக்கும் பத்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வாதாடுவதற்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லவே இல்லை.

உங்களால் முடியாதது ஒன்று உண்டு. உங்கள் கையெழுத்தில் அங்கே வக்காலத்தோ மனுவோ தாக்கல் செய்ய முடியாது. அது அட்வகேட் ஆன் ரெக்கார்ட் எனப்படும் ஏ.ஓ.ஆர். ஒருவருக்கு மட்டுமே உரியது. அவர் அறிவுறுத்தினால் அல்லது நீதிமன்றம் அனுமதித்தால்தான் மற்ற வழக்குரைஞர் யாரும், மூத்த வழக்குரைஞர் உட்பட, எழுந்து பேச முடியும். சென்னையிலும் மதுரையிலும் நாம் வக்காலத்தைப் போட்டு நாமே வாதாடிப் பழகியவர்கள் என்பதால், இந்தப் பிரிவினை நம் ஊர் வழக்குரைஞர்களுக்கு முதலில் அவமதிப்பாகத் தோன்றுவது இயல்பு. வழக்குரைஞர் சட்டம், 1961 வந்த பிறகு எல்லோரும் சமம்தானே, தனித் தேர்வு எதற்கு என்று வழக்குரைஞர் லில்லி தாமஸ் உச்ச நீதிமன்றத்திலேயே கேட்டார். தன் முன் யார் செயல்படலாம், யார் வாதிடலாம் என்பதை விதிகளால் முடிவு செய்யும் அதிகாரம் அரசியலமைப்புச் சட்டத்தின் 145-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 1964-இல் அந்த மனு தள்ளுபடியானது. அன்று முதல் நிலைமை அதுவே.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமும் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையிலிருந்து வழக்கு வந்தாலும், நோட்டீஸ் வாங்க, குறைபாடுகளைத் திருத்த, நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்ல, கட்டணங்களுக்குப் பொறுப்பேற்க டெல்லியில் ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்பவர்தான் ஏ.ஓ.ஆர்.

அதனால்தான் சென்னை நண்பர் சொன்ன யோசனையை உடனே மறுத்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் கொடுப்பது, வழக்கு கூப்பிடும்போது காரணமில்லாமல் வராமல் இருப்பது, உண்மையில் ஆஜரானவர்களின் பெயர்ச் சீட்டைக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் விடுவது ஆகியவற்றை 2013 விதிகளே ஒழுங்கீனம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. 2013 ஆகஸ்டில் இப்படிக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஏ.ஓ.ஆரை உச்ச நீதிமன்றம் பகிரங்கமாகக் கண்டித்துத் தீர்ப்பெழுதியது. உங்கள் கட்சிக்காரருக்கு வரும் நஷ்டம் இன்னும் நேரடியானது. பதிவகம் மனுவில் குறைபாடு கண்டு திருப்பினால் அந்தச் செய்தி ஏ.ஓ.ஆருக்குத்தான் போகும். வெறும் கையெழுத்துக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். மனு மாதக்கணக்கில் கிடக்கும். கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு, எதிர்தரப்பு நிறைவேற்று மனு போட்ட பிறகுதான் விஷயம் தெரியும். இடைத்தரகர் மூலம் போகாமல் ஏ.ஓ.ஆரிடம் நீங்களே பேசுங்கள். ஏ.ஓ.ஆர்.களின் பட்டியல் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்குகளைத் தொடர்ந்து எடுப்பவராகப் பாருங்கள். முதல் உரையாடலிலேயே மூன்று விஷயம் தீர்மானமாகட்டும்: மனுவை யார் எழுதுவது, வாதத்தை யார் செய்வது, குறைபாடு நீக்குவது வரைக்கும் சேர்த்துக் கட்டணம் எவ்வளவு. பதிலை எழுத்தில் வாங்கிக் கட்சிக்காரருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் வழக்கு. டெல்லியில் நடக்கும் வேலையை விடக் கும்பகோணத்தில் நீங்கள் செய்ய வேண்டியதே அதிகம்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்திருக்காவிட்டால் இன்றே மதுரையில் போடுங்கள். (தஞ்சாவூர் மாவட்ட வழக்கு என்பதால் மதுரைக் கிளை. வலங்கைமான், குடவாசல் பக்கத்துக் கட்சிக்காரர் வந்தால் அது திருவாரூர் மாவட்டம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சென்னை அமர்வுக்கு உட்பட்டவை. கும்பகோணத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வழக்கு எடுப்பவர்கள் தவறான இடத்தில் நகல் மனு போட்டு நாளை வீணாக்குவது உண்டு.) நகல் எடுத்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் சாவகாசமாக இருக்காதீர்கள். தீர்ப்பு தேதியிலிருந்து 90-ஐ எண்ணி, அதற்குப் பத்து நாள் முன்னதாக ஒரு தேதியை நாட்குறிப்பில் குறித்து, அதையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் தாமதத்தைப் பொறுத்தருள மனு போடலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். கட்சிக்காரர் நடவு வேலையில் இருந்தார் என்பது அங்கே காரணமாகாது.

அடுத்து, மதுரைத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டு கீழ் நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கும்போது, இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தலையிட முக்கியச் சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். அந்தக் கேள்வியை வகுத்து எழுதியிருக்கிறார்களா? அனுமதிக் கட்டத்தில் வகுத்த கேள்விக்குத்தான் தீர்ப்பு பதில் சொல்கிறதா? புதுக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் பதிவாகியிருக்கிறதா, அதில் உங்கள் தரப்பு வாதத்தைக் கேட்டார்களா? அல்லது சாட்சியத்தையே மறுபடி எடைபோட்டு வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்களா? இவற்றில் ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருந்தால், எஸ்.எல்.பி.யின் முதல் காரணம் அதுவாகவே இருக்கட்டும். கேள்வியே வகுக்காமல் உண்மை நிலை பற்றிய கண்டறிதல்களைக் கவிழ்த்த தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் பலமுறை ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. மாறாக, எங்கள் சாட்சியை நம்பியிருக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் வாதமானால், கட்சிக்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். 136-ஆவது பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தருவதில்லை. அனுமதி கேட்கும் வழியை மட்டும்தான் தருகிறது. பெரும்பாலான மனுக்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பே நீதிபதிகள் படித்துவிட்டு வருவது உங்கள் சுருக்கத்தையும் தேதிப் பட்டியலையும்தான். பேப்பர் புக்கில், அதாவது நீதிபதிகளுக்குப் போகும் மனுத் தொகுப்பில், பி (B) என்ற எழுத்திலிருந்து பக்கமிட்டு முன்னால் வைக்கும் அந்தப் பகுதியை நீங்களே எழுதி ஏ.ஓ.ஆருக்கு அனுப்புங்கள். வழக்கின் உயிர் எது என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. கீழ் நீதிமன்ற ஆவணக் கட்டு இந்தக் கட்டத்தில் டெல்லிக்குப் போகாது. நீங்கள் பி-1, பி-2 (P-1, P-2) என்று இணைப்பதுதான் நீதிபதிகள் பார்க்கும் மொத்த உலகம். பிளெயிண்ட், எழுத்துமூல உரை, மூன்று தீர்ப்புகள், மதுரைத் தீர்ப்பு எந்த எக்ஸிபிட்டை, அதாவது சான்றாவணத்தை, பிடித்துக்கொண்டு போயிற்றோ அது, எந்தச் சாட்சியின் குறுக்கு விசாரணையைத் தவறாகப் படித்ததோ அந்தப் பக்கங்கள். இவ்வளவு போதும். ஆயிரம் பக்கம் அனுப்பினால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

தமிழ் ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விதிப்படி நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் வழியாக வர வேண்டும். நடைமுறையில், அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பிலிருந்து விலக்கு கேட்டு ஒரு மனு போட்டு, வழக்குரைஞர் செய்த மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்கிறார்கள். இந்த வேலையை டெல்லியில் விட்டுவிடாதீர்கள். காவிரிப் படுகைப் பத்திரங்களில் தவறு நடக்கும் இடம் இதுதான். ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியை (நான்கெல்லை விவரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நன்செய்க்கு மேற்கு’ என்று எழுதியிருக்கும். சொத்து வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது வாய்க்கால் சொத்தின் வடக்கு எல்லை. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் ‘தெற்கு: வாய்க்கால்’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிடுவார். நான்கு எல்லையும் திசை மாறிவிடும். சர்வே வரைபடத்தோடு வைத்துப் பார்க்கும் நீதிபதிக்கு, நீங்கள் கேட்கும் நிலம் வேறெங்கோ இருப்பதாகத் தோன்றும். எல்லைத் தகராறு வழக்கில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

அளவிலும் அப்படியே. ‘நன்செய் 4 மா 30 குழி’ என்றிருந்தால் மாவையும் குழியையும் அப்படியே விட்டு, பக்கத்தில் ஏக்கர் கணக்கைக் கொடுங்கள். நம் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழிக்கு 144 சதுர அடி என்று பார்த்தால் ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மேலே சொன்னது சுமார் 1 ஏக்கர் 42 சென்ட். இந்தக் கணக்கு சர்வே எண்ணின் விஸ்தீரணத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். கோல் அளவு ஊருக்கு ஊர் மாறியிருக்கலாம். பொருந்தாவிட்டால் மூல அளவை மட்டும் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கட்சிக்காரரை டெல்லிக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை. நோட்டரி முன்போ ஒரு வழக்குரைஞர் முன்போ அவர் கும்பகோணத்திலேயே கையெழுத்திடலாம். முறையாகக் கையெழுத்தானது என்று தாம் திருப்தியடைந்ததாக ஏ.ஓ.ஆர். அதில் மேற்குறிப்பு எழுதி ஏற்றுக்கொள்வார். சாட்சியாக நீங்கள் இருந்தால் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாக இருக்கட்டும். மனுவை ஆதரிக்கும் பிரமாணப் பத்திரத்தை நோட்டரி முன் எடுங்கள். கட்சிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், தமிழில் படித்து விளக்கப்பட்டு அவர் புரிந்துகொண்டார் என்ற வாசகம் அதில் கட்டாயம் வேண்டும். மனுவின் கடைசி வடிவம் தயாரான பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத்தாளில் வாங்கி அனுப்பும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. பின்னால் பிரமாணப் பத்திரமும் மனுவும் முரண்பட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்சிக்காரர்தான்.

எஸ்.எல்.பி. போட்டால் மட்டும் மதுரைத் தீர்ப்பு நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு வேண்டும். நிலத்தில் இப்போது யார் சாகுபடி செய்கிறார்கள் என்பதை அந்த மனுவில் சொல்வீர்கள். அதற்கு நடப்புப் பசலிக்கான (வருவாய் ஆண்டுக்கான) சாகுபடிப் பதிவேடான அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி வையுங்கள். அது கீழ் நீதிமன்றப் பதிவில் இல்லாத ஆவணம். கீழே இருந்த பதிவுகளை மட்டுமே கொண்டது இந்த மனு என்று ஏ.ஓ.ஆர். சான்றளிக்கும் முறை இருப்பதால், புது ஆவணத்தைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைக்கக் கூடாது. கூடுதல் ஆவணம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு ஒரு மனு சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. எதிர்தரப்பு ஜெயித்த தரப்பு என்பதால் டெல்லியில் கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மனு நகலை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும், முதல் நாளே அவர்கள் எதிரே நிற்பார்கள்.

தட்டச்சு விஷயம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் குறைபாட்டுப் பட்டியலில் பாதி அதனால்தான் வரும். 2020 ஏப்ரலிலிருந்து ஏ4 தாள், 75 ஜி.எஸ்.எம்.மிற்குக் குறையாமல், இரு பக்கமும் அச்சு. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, அளவு 14, வரி இடைவெளி ஒன்றரை. மேற்கோள்களுக்கு 12, ஒற்றை இடைவெளி. இடதும் வலதும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. ஓரம். நம் கோர்ட் வாசலில் பழக்கமான லீகல் தாள் வடிவத்தில் மொழிபெயர்ப்புகளை அடித்து அனுப்பினால் அங்கே எல்லாவற்றையும் மறுபடி அடிப்பார்கள், அதில் புதுப் பிழைகள் வரும். மங்கலான எக்ஸிபிட் நகலுக்குப் பக்கத்தில் தெளிவாகத் தட்டச்சு செய்த பிரதி ஒன்று வேண்டும்.

தாக்கல் ஆனதும் ஒரு டைரி எண் கிடைக்கும். அதை அன்றே கேட்டு வாங்குங்கள். குறைபாடு நீக்கிய பிறகுதான் எஸ்.எல்.பி. எண் வரும். சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்ய 28 நாள். அதைத் தாண்டினால் மறுதாக்கல் தாமதத்துக்கென்று இன்னொரு மனு போட வேண்டிவரும். டைரி எண்ணைப் போட்டால் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வழக்கின் நிலை தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்களே பாருங்கள். யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்சிக்காரர் விரும்புவது போல நீங்களே வாதாடுவது நல்ல யோசனையா? என் கருத்து: நீங்கள் போங்கள். இரண்டு கோர்ட்டுகளில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர் நீங்கள். நீதிபதி “எக்ஸிபிட் பி-4-இல் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் பக்கம் புரட்டாமல் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஆனால் முதல் முறை என்றால் ஏ.ஓ.ஆரோ, உச்ச நீதிமன்றத்தில் தினமும் நிற்கும் ஒருவரோ முதலில் பேச, பதிவு பற்றிய கேள்விகளை நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நல்லது. அங்கே முதல் இரண்டு வாக்கியத்தில் சட்டக் கேள்வி வெளியே வந்தாக வேண்டும். நம் சப் கோர்ட் பாணியில் வழக்கின் வரலாற்றிலிருந்து தொடங்கினால் அதற்குள் உத்தரவு சொல்லிவிடுவார்கள். அனுமதிக் கட்டத்துக்கே மூத்த வழக்குரைஞர் வேண்டுமா என்பதை ஏ.ஓ.ஆர். சொல்லட்டும். கட்சிக்காரரின் வசதியைப் பார்க்காமல் பெரிய பெயருக்காகச் செலவு செய்ய வைக்காதீர்கள்.

நேரில் போனால் நுழைவுச் சீட்டு வேண்டும். ‘சுஸ்வாகதம்’ என்ற இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம், ஏ.ஓ.ஆர். அலுவலகம் உதவும். காணொலி வழியாகவும் ஆஜராகலாம், அந்த இணைப்பும் ஏ.ஓ.ஆர். மூலமாகத்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து பேசினாலும் முறையான வழக்குரைஞர் உடை கட்டாயம். உத்தரவில் பெயர் வருவது பற்றி ஒரு வார்த்தை: ஒரே வழக்குக்கு இருபது பேர் பெயர் கொடுக்கும் வழக்கத்தை 2024 செப்டம்பரிலும் 2025 மார்ச்சிலும் வந்த தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் கண்டித்துக் கட்டுப்படுத்தியது. உண்மையில் வாதாடியவர், ஏ.ஓ.ஆர்., அவர்களுக்கு உதவியாக நின்ற ஒருவர் என்ற அளவில்தான் இப்போது பதிவு. நீங்கள் வாதாடப் போவதை ஏ.ஓ.ஆர். முன்கூட்டியே அறிந்து உங்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் கட்சிக்காரரின் ஆண்டு வருமானம் 5 லட்ச ரூபாய்க்குக் கீழே என்றால் உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. குழுவே ஏ.ஓ.ஆரை நியமித்துச் செலவை ஏற்கும். ஆனால் 90 நாளுக்குள் முடிய வேண்டுமென்றால் வழக்குக் கட்டை இப்போதே அனுப்ப வேண்டும்.

சரி, நீங்களே ஏ.ஓ.ஆர். ஆவது. 4-ஆவது ஆணையின் 5-ஆவது விதி கேட்பது இவை. பயிற்சி தொடங்கும் நாளில் பார் கவுன்சில் பட்டியலில் நான்கு ஆண்டுகள் பெயர் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஏழு ஆகிவிட்டது. பத்து ஆண்டு அனுபவமுள்ள ஏ.ஓ.ஆர். ஒருவரிடம் ஓராண்டு பயிற்சி பெற வேண்டும். பயிற்சி தொடங்குவதைத் தொடங்கும்போதே தேர்வுக் குழுவுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு கடிதம் கொண்டுபோனால் அந்த ஆண்டு கணக்கில் வராது. பத்து ஆண்டு ஆகும்வரை காத்திருந்து பயிற்சி விலக்கு கேட்கலாமே என்று நினைக்காதீர்கள். தலைமை நீதிபதி தகுந்த நேர்வுகளில் தரக்கூடிய சலுகை அது, கேட்டால் கிடைத்தே தீரும் என்பதில்லை. அந்த ஓராண்டு இல்லாமல் தேர்வின் நடைமுறைத் தாளை எழுதுவதும் கடினம். கும்பகோணத்தில் இருந்துகொண்டே டெல்லியில் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கையெழுத்து வியாபாரத்தின் இன்னொரு முகம் அது.

தேர்வில் நான்கு தாள்கள்: நடைமுறை, வரைவு, வாதத்திறனும் தொழில் நெறியும், முன்னணித் தீர்ப்புகள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். தாளுக்கு 50, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஒரே ஒரு தாளில் மட்டும் தவறி, அதில் 40-க்குக் குறையாமலும் மற்றவற்றில் மொத்தம் 60 விழுக்காடும் இருந்தால் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம். மொத்தம் ஐந்து வாய்ப்புகள். ஒரு தாளுக்கு மட்டும் போய் உட்கார்ந்தாலும் ஒரு வாய்ப்பு போய்விடும் என்பதால், சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

மாவட்டக் கோர்ட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறுவது வரைவுத் தாளில். தட்டச்சரிடம் சொல்லி எழுத வைத்துப் பழகியவர் மூன்று மணி நேரம் கையால் எஸ்.எல்.பி., 32-ஆவது பிரிவு மனு (அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் நேரடியாகப் போடுவது), வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரும் மனு, மறுசீராய்வு மனு என்று எழுத வேண்டும். பாதியில் கை ஓய்ந்துவிடும், தேதிப் பட்டியலும் வேண்டுதல் பகுதியும் விடுபட்டுப் போகும். வாரத்துக்கு ஒரு முழு மனுவைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள். 32-ஆவது பிரிவு மனுவுக்கு உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணமே இருக்கிறது: தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983-இல் போட்ட மனு. அதில்தான் நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு 1990 மே 4 அன்று உத்தரவு வந்தது, ஒரு மாதத்துக்குள் ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. மாநில அரசுகளின் தகராறில் விவசாயிகள் சங்கம் எப்படி மனுதாரராக முடிந்தது, நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் தடையை நீதிமன்றம் எப்படி அணுகியது என்று அந்தத் தீர்ப்பைப் படித்து, மனுவை நீங்களே எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

முன்னணித் தீர்ப்புகளின் பட்டியலைத் தேர்வு அறிவிக்கையோடு வெளியிடுவார்கள். கேசவானந்த பாரதி, மேனகா காந்தி, எஸ்.ஆர். பொம்மை வழக்குகள் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. தீர்ப்பின் தலைப்பில் அச்சாகும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பெண் குறையும். எந்த உண்மை நிலையில் என்ன கேள்வி எழுந்தது, முந்தைய தீர்ப்பிலிருந்து எங்கே விலகியது என்பதை எழுத வேண்டும். நெறித் தாளுக்கு வழக்குரைஞர் சட்டத்தையும் பார் கவுன்சில் விதிகளையும் படிப்பதோடு, கட்சிக்காரரின் வழக்குக் கட்டைக் கட்டணத்துக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று சொன்ன ஆர்.டி. சக்சேனா தீர்ப்பு போன்றவற்றை முழுதாகப் படியுங்கள்.

தேர்ச்சி பெற்ற பிறகு வரும் நிபந்தனைதான் உங்களுக்கு உண்மையான கேள்வி. உச்ச நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் டெல்லியில் உங்களுக்கு அலுவலகம் இருக்க வேண்டும். பதிவான ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை நியமிப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதாவது கும்பகோணத்தில் தினமும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே ஏ.ஓ.ஆர். ஆக இருப்பது நடைமுறையில் முடியாது. குடும்பம், வயதான பெற்றோர், இங்கே கட்டியெழுப்பிய கட்சிக்காரர்கள் ஆகிய எல்லாவற்றையும் வைத்து எடுக்க வேண்டிய முடிவு அது. அதை நீங்கள்தான் எடுக்க முடியும். டெல்லிக்குக் குடிபோகத் தயார் என்றால் தயங்காமல் எழுதுங்கள். தஞ்சைப் பத்திரமும் அடங்கலும் படிக்கத் தெரிந்த ஏ.ஓ.ஆர். நம் மக்களுக்கு நிச்சயம் தேவை. தயாரில்லை என்றால் அதில் குறைவொன்றும் இல்லை. நம்பகமான ஏ.ஓ.ஆர். ஒருவரோடு நிரந்தரமாக இணைந்து, கட்டுகளை இங்கே தயார் செய்து, முக்கியமான நாளில் போய் வாதாடுவது முழுமையான தொழில் வழிதான். அதற்கு எந்தத் தேர்வும் தேவையில்லை.

இந்த வழக்கின் பேப்பர் புக்கை ஏ.ஓ.ஆரோடு சேர்ந்து நீங்களே முதலிலிருந்து கடைசி வரை தயார் செய்து பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பயிற்சிக்கு யாரிடம் சேர்வது என்பதையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு மதுரை நகல் மனுவின் எண்ணை வாங்கி வையுங்கள்.